பதினைந்து தவ்

மாமல்லபுரத்தில் கடலிலிருந்து அரை ஃபர்லாங் தள்ளி, சவுக்கு மரங்களுக்குப் பின்னால் இருந்த ஒரு வீட்டுக் கொட்டகையில் அந்தக் கார் நின்றிருந்தது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு, அறுபதுகளின் நடுவில் வந்த வண்டி. ஐப்பசி மழை ஓய்ந்து நாலாவது நாள். சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் வந்து இறங்கிய மெக்கானிக்குக்கு எழுபது கடந்திருக்கும். அவர் தோள்பையில் இருந்ததை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒரு ஸ்குரூ டிரைவர், இரண்டு ஸ்பேனர், இரு முனையிலும் ஒயர் பற்றவைத்த சின்ன பல்பு, நாலாக மடித்த உப்புத்தாள், விசிறிபோல விரியும் ஃபில்லர் கேஜ், துடைக்க ஒரு பழைய வேட்டித் துண்டு, மூடி துருவேறிய ஒரு தகர டப்பா.

"கரண்டு வருதான்னு மொதல்ல பாத்துருவோம் தம்பி" என்று சொல்லி, பானெட்டின் இரு பக்கக் கொக்கிகளையும் விடுவித்தார். ஹெரால்டில் பானெட் என்பது மேல்மூடி மட்டும் அல்ல. மட்கார்டு, ஹெட்லைட், கிரில் எல்லாம் சேர்ந்து காரின் முன்பாதி முழுவதுமே முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். திறந்ததும் முன்சக்கரத்தின் மேலேயே உட்காரலாம். அவர் அப்படித்தான் உட்கார்ந்தார்.

அதே வாரம், அங்கிருந்து சிறிது தொலைவில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் இன்னொரு கார் நின்றது. வாங்கி மூன்று வருடம்கூட ஆகாத வண்டி. உள்ளே இருந்த குடும்பம் பானெட்டைத் திறக்கவே இல்லை. திறந்திருந்தாலும் தெரிந்திருக்கப் போவது ஒரு கருப்பு பிளாஸ்டிக் மூடிதான். செல்போனில் ஒரு எண்ணை அழைத்தார்கள். ஒரு மணி நேரத்தில் தட்டையான முதுகுடைய லாரி வந்து காரைச் சுமந்துகொண்டு போனது. இரண்டு நாள் கழித்து ஏதோ ஒரு சென்சார் மாற்றப்பட்டு வண்டி திரும்பி வந்தது.

இரண்டு வண்டியிலும் நின்றுபோனது ஒன்றேதான். பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறி, உரிய நொடியில் விழவில்லை. அந்தப் பொறியைத் தேடும் வழிதான் அறுபது ஆண்டுகளில் அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது.

*

ஹெரால்டு பிறந்த இடம் அந்தக் கொட்டகையிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. 1948-ல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் இடையே ஜி.எஸ்.டி. சாலையோரம் தன் ஆலையை நடத்தியது. இத்தாலியரான ஜியோவானி மிக்கலோட்டி வடிவமைத்து 1959-ல் இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டு என்று வெளிவந்த கார், 1961-ல் இங்கே 948 சிசி எஞ்சினோடு ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆனது. இங்கிலாந்தில் கடைசிவரை இரண்டு கதவோடு இருந்த அந்தக் காருக்கு நான்கு கதவு வைத்துப் பார்த்தது வண்டலூர்தான்.

அன்றைய செங்கல்பட்டு மாவட்டம் சென்னை நகரை மூன்று பக்கமும் வளைத்துக் கிடந்தது. 1955-ல் என்ஃபீல்டு புல்லட்டைக் கட்டத் தொடங்கிய திருவொற்றியூரும் அதற்குள் இருந்தது. 1961-ல் லூகாஸ்-டிவிஎஸ் அமைந்த பாடியும் அதற்குள் இருந்தது. செல்ஃப் மோட்டார், டைனமோ, டிஸ்ட்ரிபியூட்டர் என்று வண்டியின் மின்சாரம் அத்தனைக்கும் மெக்கானிக்குகள் வாயில் லூகாஸ் என்ற ஒரே பெயர்தான். வண்டியும் இங்கேயே, வண்டிக்குப் பொறி தரும் சாமானும் இங்கேயே. நாடு முழுவதும் கார் செய்தவை அன்று மூன்றே கம்பெனிகள். பணம் கட்டிப் பதிவு செய்தவர் வருடக்கணக்கில் காத்திருந்தார். கிடைத்த காரை ஆயுள் முழுக்க வைத்திருந்தார். வைத்திருந்ததால் அதன் நோய்களையும் தெரிந்துவைத்திருந்தார்.

1971-ல் ஹெரால்டு நின்று, 1972-ல் கசல் வந்தது. 1985-ல், வண்டலூரில் உயிரியல் பூங்கா திறந்த அதே ஆண்டில், ஸ்டாண்டர்டு 2000 வந்தது. 1988-ல் உற்பத்தியே நின்றது. ஆலை இருந்த நிலத்தில் இன்று கண்ணாடிச் சுவர் வைத்த மென்பொருள் அலுவலகங்கள். சற்றுத் தெற்கே கிளாம்பாக்கத்தில் 2023 டிசம்பர் 30 அன்று திறந்த பேருந்து முனையம். இன்னும் தெற்கே மறைமலைநகரில், 1999-ல் ஐகான் காரோடு பெயர் பெற்ற ஃபோர்டு ஆலை 2022-ல் உற்பத்தியை நிறுத்தியது. மாவட்டமும் 1997-ல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாகப் பிரிந்து பெயரை இழந்து, 2019 நவம்பர் 29 அன்று சிறியதொரு செங்கல்பட்டாகத் திரும்பி வந்தது. திருவொற்றியூரும் பாடியும் இப்போது அதில் இல்லை.

*

பாயிண்ட் என்று மெக்கானிக்குகள் சொல்வது, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஒன்றையொன்று தொட்டு விலகும் இரண்டு சிறு உலோகப் பொட்டுகளை. மிளகு அளவுகூட இருக்காது. அவை தொட்டிருக்கும்போது பேட்டரியின் 12 வோல்ட் மின்சாரம் காயிலுக்குள் ஓடுகிறது. விலகும் கணத்தில் அந்த ஓட்டம் அறுந்து, காயிலின் இன்னொரு சுற்றில் 20,000 வோல்ட் அளவுக்கு எழும்பி, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டர் காட்டும் சிலிண்டருக்குப் போய்ப் பிளக்கின் நுனியில் பொறியாக விழுகிறது. அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங் வகுத்த இந்த ஏற்பாடு 1910 மாடல் காடிலாக் காரில் வந்தது. வண்டலூரில் ஹெரால்டு கட்டப்பட்ட நாளில் அதற்கு ஐம்பது வயது. எண்பதுகள் வரை நம் சாலைகளில் அதுவே ஆட்சி செய்தது.

பாயிண்ட் முழுதாக விலகி நிற்கும்போது இடையில் இருக்க வேண்டிய இடைவெளி பதினைந்து தவ். தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பதினைந்து தவ் என்பது 0.38 மில்லிமீட்டர். இடைவெளி குறைந்தால் பொறி பிந்தும், பாயிண்ட் தீயும். கூடினால் பொறி முந்தும், வேகத்தில் வலு குறையும். கேஜ் கைவசம் இல்லாதவர்கள் சற்றுத் தடித்த விசிட்டிங் கார்டை நுழைத்துப் பார்த்தார்கள். பிளக்குக்கு வேண்டியது இருபத்தைந்து தவ். ஆக்சா பிளேடின் கனம் சரியாக அவ்வளவுதான் என்பது பட்டறைக்கு வந்த பையன் முதல் மாதத்திலேயே கற்றுக்கொள்ளும் பாடம்.

நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது, அந்த ஒரே ஜோடி பாயிண்ட் நொடிக்கு நூறு முறை திறந்து மூடுகிறது. அதைத் திறக்கும் கட்டை தேய்கிறது. முகம் கருகிக் குழி விழுகிறது. ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை பாயிண்ட்டைத் தேய்த்து வைப்பது எண்ணெய் மாற்றுவதுபோல வழக்கமாக இருந்தது.

இன்றைய எஞ்சினில் பாயிண்ட்போலத் தொட்டுத் தொட்டுத் தேய்வதற்கென்று எதுவும் இல்லை. ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனித்தனியே ஒரு காயில். அதே 3,000 சுற்றில் ஒவ்வொன்றுக்கும் நொடிக்கு இருபத்தைந்து பொறிதான் வேலை. எப்போது பொறி விட வேண்டும் என்பதை கிராங்க் ஷாஃப்டின் பல்சக்கரத்தைத் தொடாமலேயே எண்ணும் ஒரு சென்சார் சொல்கிறது. பல வண்டிகளில் அந்தச் சக்கரத்தில் அறுபது பல் இருக்க வேண்டிய இடத்தில் ஐம்பத்தெட்டுதான் இருக்கும். இல்லாத இரண்டு பல்லின் இடத்தை வைத்துத்தான் எஞ்சின் எந்த நிலையில் நிற்கிறது என்று கம்ப்யூட்டர் கண்டுகொள்கிறது. இரிடியம் நுனி வைத்த பிளக்கை 80,000 கிலோமீட்டர் வரை கழற்றாமல் ஓட்டுகிறவர்கள் உண்டு.

*

கொட்டகைக்குத் திரும்புவோம். பெரியவர் முதலில் ஹாரனை அடித்துப் பார்த்தார், பேட்டரி இருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டரின் கேப்பைக் கழற்றி உள்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்தார். விரிசல் விழுந்திருந்தால் பென்சில் கோடுபோலக் கரித்தடம் தெரியும், அங்கே தெரியவில்லை. ஈரம் இருந்தது. வேட்டித் துண்டால் துடைத்து வெயிலில் வைத்தார். பல்பின் ஒரு முனையைக் காயிலிலிருந்து பாயிண்ட்டுக்குப் போகும் முனையிலும், மறுமுனையை எஞ்சினிலும் பிடித்துக்கொண்டு, செல்ஃப் அடிக்கச் சொன்னார். பல்பு மினுக் மினுக் என்றது. மினுக்காமல் எரிந்துகொண்டே இருந்தால் பாயிண்ட் தொடவில்லை. எரியவே இல்லையென்றால் பாயிண்ட் விலகவில்லை, அல்லது ஒயர் எங்கோ உடம்பைத் தொடுகிறது. ஐம்பது ரூபாய்கூட ஆகாத ஒரு பல்பு இவ்வளவு பேசும்.

பிறகு காயிலிலிருந்து வரும் தடித்த ஒயரைக் கேப்பிலிருந்து பிடுங்கி, எஞ்சின் பிளாக்கிலிருந்து கால் அங்குலம் தள்ளிப் பிடித்தார். பாயிண்ட்டை ஸ்குரூ டிரைவரால் நெம்பி விட்டார். பிளாக்கில் விழுந்த பொறி மஞ்சளாக, நூல்போல மெலிந்திருந்தது. அதே நேரம் பாயிண்ட்டின் வாயில் நீலமாக ஒரு பளிச்.

"நீலம் இங்க வரணும், அங்க வந்தா தப்பு" என்றார். "கண்டன்சர் போயிருச்சு."

பாயிண்ட் விலகும்போது மின்சாரம் அந்த இடைவெளியைத் தாண்டிக் குதிக்காமல் தாங்கிக்கொள்வதுதான் கண்டன்சரின் வேலை. அது செத்தால் பொறி பிளக்கில் விழாமல் பாயிண்ட்டிலேயே விழுந்து தீர்ந்துவிடும். மீட்டரும் ஸ்கேனரும் இல்லாமல், இரண்டு இடத்துப் பொறியின் நிறத்தை ஒப்பிட்டு நோயைச் சொன்னார். பஸ்ஸிலிருந்து இறங்கி இருபது நிமிடம் ஆகியிருந்தது.

சாலையில் நின்ற மற்ற காருக்கு நடந்தது வேறு விதம். ஸ்டியரிங்குக்குக் கீழே பதினாறு முனையுள்ள ஒரு துளையில் ஸ்கேனரைச் செருகுவார்கள். திரையில் ஓர் எழுத்தும் நாலு எண்ணும் வரும். பி0335 என்றால் கிராங்க் சென்சாரின் இணைப்பில் கோளாறு. பி0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங். பழைய முறையில் மெக்கானிக் வண்டியைக் கேள்வி கேட்டார். புதிய முறையில் வண்டி தானே எழுதி வைத்திருக்கும் புகாரை மெக்கானிக் படிக்கிறார். படிப்பதற்கு அதிக நேரம் ஆவதில்லை. ஆனால் படிக்கும் பெட்டி வேண்டும், எழுதியிருப்பது சென்சாரைப் பற்றியா அதன் ஒயரைப் பற்றியா என்று பிரித்தறியும் ஆளும் வேண்டும். அது தெரியாத இடத்தில், நல்ல சென்சாரும் சேர்ந்தே மாற்றப்படுகிறது.

புல்லட் ஓட்டியவர்களுக்கு இந்தப் பல்பும் தேவைப்படவில்லை. ஹெட்லைட் தலையில் பதிந்த ஆம்மீட்டர் முள் போதும். சாவி போட்டு முள் கழிவுப் பக்கம் சாய்ந்தால் பாயிண்ட் தொட்டிருக்கிறது என்று பொருள். டீகம்ப்ரஸரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை மெதுவாக அழுத்த, முள் நடுவுக்கு வரும். பாயிண்ட் விலகிவிட்டது, பிஸ்டன் உச்சத்தில் நிற்கிறது. இப்போது உதைத்தால் பிடிக்கும்; முள்ளைப் பார்க்காமல் உதைத்தவர் காலைத் திருப்பி அடிக்கும். இன்று புல்லட்டின் பெயரில் வரும் வண்டியில் விரலால் ஒரு பொத்தானை அழுத்துகிறோம். கால் பிழைத்தது. அந்த முள்ளைப் படிக்கக் கற்ற கண்ணுக்கு இனி வேலை இல்லை.

*

இந்தக் கடற்கரையில் பொறிக்கு முதல் எதிரி உப்புக் காற்று. கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை ஜன்னல் கம்பியும் சைக்கிள் செயினும் தப்பாத இடத்தில், திறந்து மூடும் ஒரு மிளகளவு உலோகம் எப்படித் தப்பும்? இரண்டு வாரம் ஓட்டாமல் நிறுத்தினாலே பாயிண்ட்டின் முகத்தில் வெளிறிய ஒரு படலம் ஏறிவிடும், மின்சாரம் ஓடாது. உப்புக் காற்று கொடுத்த நோய்க்கு உப்புத்தாளே மருந்து. இரண்டு தேய், ஒரு துடை, வண்டி பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஈரமும் சேர்ந்துகொள்ளும். அப்போது கேப்பைக் கழற்றி அடுப்படியில் காயவைத்தவர்கள் உண்டு.

அதே காற்று எட்டாம் நூற்றாண்டுக் கடற்கரைக் கோயிலின் கல்லையும் அரிக்கிறது. அலையைத் தடுக்கக் கற்கரை போட்டும், காற்றைத் தடுக்கச் சவுக்கு நட்டும், தொல்லியல் துறையினர் அவ்வப்போது சுவரில் காகிதக் கூழை அப்பிக் காயவைத்து உரித்து, கல்லுக்குள் ஊறிய உப்பை வெளியே இழுக்கிறார்கள். கல்லானாலும் பாயிண்ட் ஆனாலும், இங்கே ஒன்றைக் காப்பது என்றால் அதைத் திரும்பத் திரும்பத் தொட்டுக்கொண்டிருப்பது. புதிய கார்கள் இந்தக் காற்றை வேறு விதமாகச் சமாளிக்கின்றன. எல்லாவற்றையும் மூடி முத்திரை வைத்துவிடுகின்றன. ரப்பர் வளையம் போட்ட பிளக் காயில், பிசின் ஊற்றி அடைத்த சர்க்யூட். உப்பு உள்ளே போக முடியாது. கையும் போக முடியாது.

*

பழைய ஜி.எஸ்.டி. சாலையில் வண்டி நிற்பது ஒரு செய்தியே அல்ல. செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் முப்பது கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்கும் டிக்கியில் தண்ணீர்க் கேன், ஸ்பேர் பிளக், ஃபேன் பெல்ட், கிராங்க் போடும் ஹேண்டில் எல்லாம் இருக்கும். பானெட் திறந்து நிற்கும் காரைப் பார்த்தால் லாரி டிரைவர் வேகம் குறைத்தார், தோளில் துண்டோடு இறங்கி வந்து, "கரண்டா, பெட்ரோலா?" என்று கேட்டார். நோயை இரண்டாகப் பிளக்கும் அந்தக் கேள்வி எல்லோருக்கும் தெரிந்த கேள்வி. தெரிந்தது தெரியாதவருக்குக் கைமாறியது சாலையோரத்தில்தான். தள்ளி ஸ்டார்ட் செய்ய நாலு பேர் எங்கிருந்தோ வந்தார்கள்.

அந்தக் காலத்தை இனிக்க இனிக்கச் சொல்வதில் ஒரு பொய்யும் கலந்திருக்கிறது. குழந்தையோடு இரவில் திருப்போரூர்ப் பக்கம் நின்றுபோன காரில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு, எங்கிருந்தோ வரும் நாலு பேர் என்பது ஆறுதல் மட்டும் அல்ல, அச்சமும்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இன்று ஒரு பெண் நடு இரவில் தனியாகக் கார் ஓட்டிப் போகிறார் என்றால், சாவி திருப்பினால் வண்டி பிடிக்கும் என்ற நிச்சயமும் அதற்கு ஒரு காரணம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய பட்டறையின் கைத்திறன் வந்த வழி சுலபமானதல்ல. பத்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்ட பையன்கள், மண்ணெண்ணெயில் ஸ்பேனர் கழுவி, திட்டும் அடியும் வாங்கி, சம்பளம் இல்லாமல் கற்ற வித்தை அது. கொட்டகைக்கு வந்த பெரியவரும் அப்படிக் கற்றவர்தான். அவருடைய பேரன் டிப்ளமோ முடித்துவிட்டு மஹிந்திரா சிட்டிப் பக்கம் வேலைக்குப் போகிறான். ஏசி அறை, லேப்டாப். தாத்தாவின் கைரேகைக்குள் இருக்கும் கருப்பு அவன் கையில் இல்லை. அதைச் சொல்லும்போது அவர் குரலில் வருத்தம் இல்லை.

காற்றுக்கும் லாபம்தான். தீய்ந்த பாயிண்ட்டும் தப்பிய டைமிங்கும் உள்ள எஞ்சின், பாதி எரிந்த பெட்ரோலை வெளியே விடும். ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியில் நாடு முழுதும் நின்றது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 வந்தது. இந்தத் தரத்தை ஒரு ஜோடி பாயிண்ட்டையும் உப்புத்தாளையும் வைத்து யாராலும் எட்ட முடியாது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒவ்வொரு சுற்றிலும் பொறியின் நேரத்தைத் திருத்தும் கம்ப்யூட்டர் வேண்டும்.

*

அப்படியானால் இழந்தது என்ன? அன்று வண்டி அடிக்கடி நின்றது. நின்றால் கிளப்பத் தெரிந்தவர் ஊருக்குப் பத்துப் பேர். இன்று வண்டி நிற்பதே அபூர்வம். நின்றால் ஊரே சேர்ந்தாலும் முடியாது, லாரிதான் வர வேண்டும். அன்று சொந்தக்காரருக்கும் வண்டிக்கும் இடையே பதினைந்து தவ் இடைவெளி இருந்தது. அதற்குள் ஒரு மனிதனின் கண் நுழைந்து பார்த்துவிட முடிந்தது. இன்று இடைவெளியே இல்லை. எல்லாம் கச்சிதம், அதனால்தான் நுழைய வழியில்லை.

மிச்சமிருக்கும் பழைய வண்டிகளுக்கு இன்று சட்டத்திலும் ஓர் இடம் உண்டு. ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளைப் பழங்கால வாகனமாகப் பதிய 2021 ஜூலையில் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. எண் பலகையில் 'விஏ' என்ற எழுத்து வரும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, பழுது பார்ப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். நாள்தோறும் ஓட்டக் கூடாது. வண்டலூர் ஹெரால்டு எல்லாமே இன்று அந்த வயதைக் கடந்தவை. அன்று வேலைக்குப் போகவும் பெண் பார்க்கவும் பிரசவத்துக்கும் ஓடிய வண்டி, இன்று தன்னைக் காட்டிக்கொள்ள மட்டும் வெளியே வருகிறது. ஓடாமல் நிற்பதுதான் பாயிண்ட்டுக்குப் பெரிய கேடு என்பது அந்த விதியை எழுதியவர்கள் கவலைப்பட வேண்டிய விஷயம் அல்ல.

சாமான் நிலவரமும் மாறிவிட்டது. அன்று எந்த ஊர் ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையிலும் பாயிண்ட் செட் தொங்கும். இன்று தேடித்தான் வாங்க வேண்டும். கிடைப்பதும் முன்போல உழைப்பதில்லை. இந்த ஹெரால்டில் செத்துப்போன கண்டன்சர் ஆறு மாதத்துக்கு முன் புதிதாக வாங்கிப் போட்டது. பெட்ரோலும் அன்றைய பெட்ரோல் அல்ல. இருபது சதவீதம் எத்தனால் கலந்தது ஈரத்தை இழுக்கும், பழைய கார்புரேட்டரின் ரப்பரை ஊறவைக்கும். "கரண்டா, பெட்ரோலா?" என்ற கேள்விக்கு இப்போது "ரெண்டும்" என்பதும் பதிலாகலாம்.

பெரியவர் தகர டப்பாவைத் திறந்தார். உள்ளே என்றோ உடைசலுக்குப் போன வண்டிகளிலிருந்து கழற்றி வைத்த சாமான்கள். உப்புத்தாளில் பொதிந்திருந்த ஒரு கண்டன்சரை எடுத்தார். நாற்பது வயதாவது இருக்கும். அதை ஒரே ஸ்குரூவில் மாட்டி, பாயிண்ட்டின் முகத்தை இரண்டு இழுப்பில் தேய்த்து, கேஜின் இலையை விட்டு இடைவெளி பார்த்து, இறுக்கி, மறுபடியும் பார்த்தார். இறுக்கும்போது அரைத் தவ் நகரும். அதனால் இரண்டாம் முறை பார்ப்பதுதான் உண்மையான பார்வை. வெயிலில் காய்ந்த கேப்பை மாட்டினார். மூன்றாவது சுற்றில் எஞ்சின் பிடித்தது. சவுக்குத் தோப்பின் காகங்கள் எழும்பின.

எலக்ட்ரானிக் கிட் ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்திருப்பதாக வீட்டுக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார். பாயிண்ட்டும் கண்டன்சரும் இருந்த இடத்தில் காந்தத்தை வைத்து வேலை செய்யும் சிறு பெட்டி. தேய்மானம் இல்லை, உப்புத்தாள் இல்லை, ஐயாயிரம் கிலோமீட்டர்க் கணக்கு இல்லை. பெரியவர் கோபித்துக்கொள்வார் என்று அவர் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

"தாராளமா போடுங்க தம்பி. ஒவ்வொரு தடவையும் என்னால பஸ் ஏற முடியுமா?" என்றார் பெரியவர். "ஆனா இதைக் கழட்டிக் கடாசிறாதீங்க. பாயிண்ட்டு சொல்லிட்டுச் சாகும். காலையில மக்கர் பண்ணும், ஓட்டத்துல மிஸ்ஸிங் அடிக்கும், ஒரு மாசம் டைம் குடுக்கும். அந்தப் பொட்டி சொல்லாமச் சாகும். அன்னிக்கு ரோட்டோரமா நின்னு இதை எடுத்து மாட்டுனா வீட்டுக்கு வந்துரலாம்."

டப்பாவிலிருந்து இன்னொரு பாயிண்ட் செட்டையும் கண்டன்சரையும் எடுத்து, வேட்டித் துண்டில் ஒரு கிழிசலைக் கிழித்துச் சுற்றினார். சற்று யோசித்துவிட்டு, தன் ஃபில்லர் கேஜின் திருகைத் தளர்த்தி ஒரேயொரு இலையை மட்டும் உருவி, அந்தப் பொட்டலத்துக்குள் செருகி, டேஷ்போர்டு அறையில் வைத்தார். திருகை மறுபடியும் முடுக்கி, கேஜைப் பைக்குள் போடும் முன் பழக்கத்தில் ஒருமுறை விரித்துப் பார்த்தார். பதினாலு தவ்வுக்கு அடுத்தது பதினாறாக இருந்தது.